கழுத்தில் ஒரு கூடுதல் விலா: பயிற்சியா, அறுவையா?

கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் என் அக்காவுக்குப் போன உறைபனிக் காலத்தில் வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. "குளிருக்கு எல்லாருக்கும்தான் மரத்துப் போகுது தம்பி" என்றாள். குளிர் என்றால் இரண்டு கையும்தானே மரக்க வேண்டும்? எக்ஸ்ரே எடுத்தோம். கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பிலிருந்து ஒரு விலா முளைத்திருந்தது. பிறவியிலேயே இருந்தது, 41 வயதில்தான் கண்ணில் பட்டது.

இந்த விலா நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இருக்கும். பெண்களுக்குச் சற்று அதிகம். பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் வராது. அவர்கள் அதைச் சீண்டவே வேண்டாம்.

அந்த விலா கைக்குப் போகும் நரம்பையோ ரத்தக்குழாயையோ அழுத்தித் தொந்தரவு வந்தால் வழி இரண்டு: பயிற்சி, அறுவை. சுளுக்கு வழிப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எலும்பை நீவிக் கரைக்க முடியாது. நசுங்கிய நரம்பின் மேல் அழுத்தித் தேய்ப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

நரம்பு மட்டும் அழுந்தி, கை பலம் குறையாமல் இருந்தால் முதலில் பிசியோதெரபிதான். தோள்பட்டையைப் பின்னுக்கு இழுப்பது, முகவாயை உள்ளே தள்ளுவது, கழுத்தின் பக்கத்தசையை இளக்குவது, வயிறு அசைய மூச்சு விடுவது. செலவு குறைவு, ஆனால் மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். தோளில் சுமையையும் மாட்டிக்கொண்டு பயிற்சியும் செய்தால் பலன் இருக்காது. அக்கா இலைப் பையைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டாள். பை சீக்கிரம் நிறைகிறது, கூடுதல் நடை. ஆனாலும் மூன்று மாதத்தில் ராத்திரி மரப்பு பாதியாகிவிட்டது.

அறுவை சிகிச்சை வேறு கணக்கு. காறை எலும்புக்கு மேலேயோ அக்குள் வழியாகவோ திறந்து அந்த விலாவை எடுப்பார்கள், தேவைப்பட்டால் பக்கத்தசையையும் வெட்டுவார்கள். நுரையீரல் உறையில் ஓட்டை விழலாம், நரம்பில் காயம் படலாம். அப்புறம் பல வாரம் பாரம் தூக்கக் கூடாது, கூலிக்காரருக்கு அது பெரிய இழப்பு. ஆனால் ரத்தக்குழாய் அழுந்தியிருந்தால் பயிற்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. கேத்தியில் கேரட் மூட்டை ஏற்றும் எங்கள் உறவுக்காரப் பையனுக்குக் கை ஜில்லிட்டு விரல்நுனி நீலம் பாய்ந்தது. அழுந்திய குழாய் அதற்கு அப்பால் உப்பி, உள்ளே ரத்தம் கட்டி, துணுக்குகள் விரலை அடைத்திருந்தன. கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் உடனே அறுவை செய்தார்கள். அது சரியான முடிவு.

நரம்பு அழுந்தியவர்களிலும் கட்டைவிரல் அடிமேடு வற்றத் தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள். அறுவைக்குப் பின் வலி தணியும், வற்றிய சதை பெரும்பாலும் முழுசாகத் திரும்பாது.

அதனால் ஞாயிறுதோறும் அக்காவின் இரண்டு உள்ளங்கைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பார்க்கிறோம். இதுவரை இரண்டு மேடும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. வலது பக்கம் துளி பள்ளம் தெரிந்தாலும் மலையிறங்கிவிடுவோம் என்று அக்காவே சொல்லிவிட்டாள்.