தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இசிஎம்முக்குப் பில் போட்டார்கள்: பழைய எம்பிஎஃப்ஐ கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

குன்னூரில் இருக்கிறேன். வண்டி 2002 மாருதி எஸ்டீம். எம்பிஎஃப்ஐ ரகம், அதாவது இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதை இசிஎம் என்ற கம்ப்யூட்டர் போர்டு அளந்து இன்ஜெக்டர் வழியாகத் தெளிக்கும். மேட்டுப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எட்டு மாதத்தில் 25,950 ரூபாய் அழுத கதை இது. கோளாறு என்னவோ ஒரு தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் சின்ன வால்வு. இருந்த தெர்மோஸ்டாட் கெட்டுப்போகவில்லை, வண்டியிலேயே இல்லை. கழற்றியதும் அவர்களேதான்.

ஏப்ரலில் பர்லியார் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் எகிறியது. கீழே கொண்டுபோய் விட்டேன். ரேடியேட்டர் சர்வீஸ் என்று 2,800. முள் அதன் பிறகு ஏறவே இல்லை. சந்தோஷப்பட்டேன். பாதிக்கு வர வேண்டிய முள் கால் பங்கைத் தாண்டவில்லை என்பதை அப்போது யோசிக்கவில்லை.

ஜூன் மழை பிடித்ததும் ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐட்லிங் ஏறி இறங்கும். ஊருக்குள்ளேயே இருக்கும் பெட்போர்டு வருவதற்குள் இரண்டு முறை ஆஃப் ஆகும். சைலன்ஸருக்குப் பின்னால் இருக்கும் காம்பவுண்டுச் சுவரில் தட்டு அளவுக்குக் கரி. லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 9-க்கு இறங்கியது.

சிக்கல் என்னவென்றால், நான் மலை இறங்கி அவர்களிடம் போய்ச் சேரும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். பேருந்து நிலைய நெரிசலில் வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து இன்ஜின் எப்படியோ சூடாகிவிடும். "நல்லாத்தானே ஓடுதுங்க சார்?" என்பார்கள். ராத்திரி வண்டி இங்கேயே நிற்கட்டும், காலையில் நீங்களே முதல் ஸ்டார்ட் போட்டுப் பாருங்கள் என்றால், இடமில்லை என்பார்கள். ஆக, குளிரில் வரும் கோளாறைக் கடைசிவரை ஒருவரும் குளிரில் பார்க்கவில்லை. முதலில் ஃப்யூல் பம்ப், 4,200. அடுத்து இன்ஜெக்டர் கிளீனிங், பிளக் எல்லாம் சேர்த்து 3,600. பிறகு டெம்பரேச்சர் சென்சார், 1,850. கடைசியில், "போர்டு அடி வாங்கிடுச்சுங்க" என்று செகண்ட் ஹேண்ட் இசிஎம் 13,500. அதை மாட்டிய மறுநாள் காலையிலும் பெட்போர்டில் நின்றது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய எலக்ட்ரீஷியன், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், வீட்டுக்கே வரச் சம்மதித்தார். "வண்டிய யாரும் தொடக்கூடாது, ஆறு மணிக்கு வர்றேன்." டிசம்பர் குளிர், பத்து டிகிரி இருக்கும். முதலில் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி என் மூக்கருகே நீட்டினார். பெட்ரோல் வாடை. ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே கூலன்ட் இல்லை, குழாய்த் தண்ணீர். மூடியின் ரப்பர் விண்டுபோயிருந்தது. ஏப்ரலில் சூடு ஏறியதற்கு அதுதான் காரணம் என்றார்.

பிறகு இன்ஜின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரில் மீட்டரை வைத்தார். சூடு ஏற ஏற இதன் ஓம் அளவு குறையும். 3.7 கிலோ ஓம். அந்தக் குளிருக்குச் சரியான கணக்கு. இந்த வண்டியில் இரண்டு சென்சார் உண்டு: டேஷ்போர்டு முள்ளுக்கு ஒற்றை ஒயர், இசிஎம்முக்கு இரட்டை ஒயர். 1,850 வாங்கிப் புதிதாகப் போட்டிருந்தது ஒற்றை ஒயர். இசிஎம் நம்பியிருக்கிற இரட்டை ஒயர் சென்சாரின் கிளிப்பில் இருபது வருஷ அழுக்கு அப்படியே இருந்தது.

ஸ்டார்ட் செய்துவிட்டு என் கையைப் பிடித்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் வைத்தார். "தெர்மோஸ்டாட் இருந்தா இது அஞ்சு நிமிஷம் பச்சத் தண்ணியாட்டம் இருக்கணும் சார். அப்புறம் படக்குனு சுடும்." ஹோஸ் முதல் நிமிஷத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி மீட்டர்: 1.1 கிலோ ஓம். அதாவது சுமார் 40 டிகிரி. எண்பதைத் தொட்டிருந்தால் 0.3 பக்கம் வந்திருக்க வேண்டும். சென்சார் பொய் சொல்லவில்லை, இன்ஜின் நிஜமாகவே சூடாகவில்லை. இன்னும் குளிர்தான் என்று இசிஎம் பெட்ரோலை அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. 40 டிகிரி என்பது நம்பக்கூடிய அளவுதானே, அதனால் செக் இன்ஜின் லைட்டும் எரியவில்லை. ஹவுஸிங்கைத் திறந்தால் உள்ளே வெறும் ஓட்டை.

நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, அது வெளிநாட்டுக் குளிருக்கு வைத்தது என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில், குளிரில் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக் பிடியை நாமே உள்ளே தள்ளிவிடலாம், ஓரளவு ஓடிவிடும். எம்பிஎஃப்ஐயில் அந்தச் சென்சார்தான் சோக்.

புதுத் தெர்மோஸ்டாட் 650 ரூபாய். மாட்டுவதற்கு முன் எங்கள் வீட்டுப் பால் சட்டியில், நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சுடவைத்தார் பாய். 82 டிகிரியில் திறக்கும் ரகம். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆனாலும் கொதிப்பதற்கு முன்பே வால்வு வாய் திறந்தது. சட்டிக்காக நான் வாங்கிய திட்டு தனிக்கணக்கு. மூடி, கூலன்ட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 3,900. இப்போது காலையில் எட்டு நிமிஷத்தில் முள் பாதிக்கு வந்துவிடுகிறது.

உங்கள் வண்டி ஹீட் ஆகிச் சரி செய்யக் கொடுத்திருந்தால், வாங்கும்போதே தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். சென்சார் மாற்றினோம் என்றால் எத்தனை ஓம் காட்டியது, எந்தச் சென்சார் என்று கேட்டு, பழையதைக் கையில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை. என்னுடைய நல்ல இசிஎம்மைத் திருப்பிக் கேட்டபோது, "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சுங்களே" என்றார்கள். பில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. வண்டியில் பார்த்ததைப் பாய் எழுத்தில் கொடுப்பாரா என்று கேட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.