ஒரே கட்டண உயர்வு, இரண்டு நிர்வாகங்கள்: பஸ்ஸும் ரயிலும்

டிசம்பர் வந்தால் பயண அட்டையில் பத்துக் காசு கூடுவது சிங்கப்பூரில் வழக்கமாகிவிட்டது. கட்டணம் 2023இல் 7 விழுக்காடு, 2024இல் 6, 2025இல் 5 என ஏறியது. பெரியவர்களுக்கான மிகக் குறைந்த அட்டைக் கட்டணம் இரண்டே ஆண்டுகளில் 1.09 வெள்ளியிலிருந்து 1.28 வெள்ளி ஆனது. பஸ்ஸும் ரயிலும் சேர்ந்தேதான் ஏறுகின்றன. ஆனால் 2016இல் இரண்டின் நிர்வாகமும் மாறிய விதம் வேறு.

முன்பு டிக்கெட் பணம் பஸ் நிறுவனத்தின் கல்லாவுக்குப் போனது. கூட்டம் குறைந்த தடத்தில் கூடுதல் வண்டி விட்டால் நட்டம் அதற்குத்தான். பிறகு யார் விடுவார்கள்? அம்மா தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு, தள்ளுவண்டிப் பையைக் காலோடு அணைத்தபடி நிற்பார். இருபது நிமிடம் கழித்து ஒரே எண்ணுள்ள இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொண்டு வரும். முதலாவதில் ஏற இடமிருக்காது, பின்னது காலியாக இருக்கும்.

2016 செப்டம்பர் முதல் ஒப்பந்த முறை. பஸ்களும் கட்டண வருவாயும் அரசுக்கு. ஏலக்குத்தகையில் வென்ற நிறுவனத்துக்கு ஓட்டுவதற்கான தொகை. பஸ்கள் சீரான இடைவெளியில் வந்தால் ஊக்கத்தொகை, தவறினால் அபராதம். சரியாகச் செய்யாவிட்டால் அடுத்த ஏலத்தில் இன்னொருவர் வருவார் என்ற பயமும் உண்டு. செம்பவாங்-ஈசூன் பஸ் தடத் தொகுப்பு 2021இல், பஸ்ஸும் ரயிலும் ஓட்டும் எஸ்எம்ஆர்டி நிறுவனத்திடமிருந்து டவர் டிரான்சிட் நிறுவனத்துக்குக் கைமாறியது. அம்மாவின் காத்திருப்பு இப்போது பாதியாகியிருக்கிறது.

இந்த முறைக்கும் குறை உண்டு. தடம் வேண்டுமா வேண்டாமா என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கையில். 2023இல், தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் வந்துவிட்டதென்று 167ஆம் எண் பஸ்ஸை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். மக்கள் குரல் எழுப்பியதால் அது தப்பியது, அரை மணிக்கு ஒன்று என்ற அளவில்.

ரயிலில் மாறியது சொத்தின் உரிமை. எஸ்எம்ஆர்டியின் ரயில்களையும் கருவிகளையும் ஆணையம் ஒரு பில்லியன் வெள்ளிக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கியது. அதே 2016 அக்டோபரில் அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக் எஸ்எம்ஆர்டியைப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. தண்டவாளக் கட்டைகள், சிக்னல், மின்விநியோகம் என்று பழையதைத் தோண்டி எடுத்து மாற்றினார்கள். பலன் பெரியது: 2015இல் சராசரியாக 1,33,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தாமதம், 2019இல் 10 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. கணக்கில் பார்த்தால் ரயில்தான் அதிகம் முன்னேறியது.

ஆனாலும் நான் பஸ் ஏற்பாட்டையே நம்புகிறேன். 2024 செப்டம்பரில் கிழக்கு-மேற்குப் பாதையின் ஒரு பகுதி ஆறு நாள் முடங்கியபோது 24 லட்சம் வெள்ளி அபராதம்தான் விதிக்க முடிந்தது. ஐந்தாண்டுக்கொருமுறை ஏலம் விட்டு ஆளை மாற்றும் வழி அங்கே இல்லை.

சேவை உயர்ந்ததால்தான் கட்டணமும் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நிர்வாகம் மாறிய அதே 2016 டிசம்பரில் கட்டணம் 4.2 விழுக்காடு குறைந்ததை மறந்துவிட்டார்கள். எரிபொருள், சம்பளம், விலைவாசி ஆகியவற்றை வைத்துப் பொதுப் போக்குவரத்து மன்றம் போடும் கணக்கு அது. அந்தக் கணக்கில் அம்மா நிழற்குடையில் காத்திருந்த நிமிடங்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.