ரவுண் பள்ளிக்கூடமா, ஊர்ப் பள்ளிக்கூடமா? வன்னிப் பெற்றாருக்கு ஒரு மதிப்பீடு

புலமைப்பரிசில் முடிவு வந்த கையோடு மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து வீடுகளில் ஒரே கதைதான்: பிள்ளையை ஆறாம் தரத்துக்குக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ அனுப்புவதா, ஊரிலேயே விடுவதா? பெயரை மட்டும் நம்பி பஸ் ஏற்றுவது நட்டக் கணக்கு. பாடத்திட்டம் இரண்டு இடத்திலும் ஒன்று. 1980 முதல் அரசாங்கம் இலவசமாகத் தருகிற அதே பாடநூல்தான் இரண்டு மேசையிலும் இருக்கும். அந்தப் பாடத்திட்டம் நன்றாகவே போடப்பட்டது. மொழி, கணிதத்தோடு அழகியல், சுகாதாரம், கைத்தொழில் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதில் எவ்வளவு உண்மையில் நடக்கிறது என்பதில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் வித்தியாசம்.

முதலில் பாடசாலையின் வகையை அறிந்துகொள்ளுங்கள். உயர்தரத்தில் (12, 13ஆம் தரம்) விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி பாடசாலைகளில்தான் இருக்கும். 1சியில் கலையும் வர்த்தகமும். வகை 2 சாதாரணதரத்தோடு (11ஆம் தரம்) நின்றுவிடும். இது 12ஆம் தரத்தில் பார்க்கவேண்டிய விசயம். அதற்காகப் பதினொரு வயதிலேயே ஊரைவிட்டு ஓடத் தேவையில்லை.

சோதிக்கச் சுலபமான வழி கொப்பிதான். சேர்க்க நினைக்கும் பள்ளிக்கூடத்தில் எட்டாம் தரம் படிக்கிற அயல்வீட்டுப் பிள்ளையிடம் எல்லாக் கொப்பியையும் வாங்குங்கள். கணிதக் கொப்பியை மூடிவைத்துவிட்டு, சித்திரம், சுகாதாரம், செயன்முறைத் தொழினுட்பத் திறன் ஆகிய மூன்றிலும் திகதிகளைப் பாருங்கள். முதலாம் தவணை முடிவோடு சித்திரக் கொப்பி வெறுமையாகிவிட்டதா? அந்தப் பாடவேளையைக் கணிதமோ விஞ்ஞானமோ விழுங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சுகாதாரக் கொப்பியில் வலைப்பந்தின் பந்துப் பரிமாற்றம் பற்றி ஐந்து வரி சொல்வதெழுதியிருந்தால், மைதானத்தில் பந்தே எறியவில்லை.

விஞ்ஞானக் கொப்பியில் இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைத் தேடுங்கள். இலையைக் கொதிநீரில் அவித்து, பிறகு சுடுநீருக்குள் வைத்த மதுசாரத்தில் பச்சையம் போகும்வரை விட்டு, கழுவி, அயடீன் இட வேண்டும். மதுசாரம் பற்றிக்கொள்ளும் என்பதால் நேரடியாக நெருப்பில் வைப்பதில்லை. பச்சையம் முழுதாகப் போகாவிட்டால், மாப்பொருளுக்கு வரும் கருநீலம் தெளிவாகத் தெரியாது, ஊத்தை மண்ணிறம்தான் வரும். உண்மையாகச் செய்த வகுப்பில் ஒன்றிரண்டு கொப்பியாவது அப்படிச் சொல்லும். நான்கு பிள்ளைகளின் கொப்பியிலும் அவதானமும் முடிவும் ஒரே சொல்லில் இருந்தால் அது கரும்பலகையில் நடந்த பரிசோதனை. ரவுண் பள்ளிக்கூடங்களும் இதில் தப்புவதில்லை; ஆய்வுகூடம் பெரிதாக இருக்கும், பூட்டும் பெரிதாக இருக்கும்.

ஊர்ப் பள்ளிக்கூடம் உண்மையில் தோற்கிற இடம் பத்தாம் தரத்துத் தொகுதிப் பாடங்கள். சாதாரணதரத்தில் ஒன்பது பாடம்: ஆறு கட்டாயம், மூன்று தொகுதிகளில் இருந்து ஒவ்வொன்று. இரண்டாம் தொகுதி அழகியல், அதாவது சித்திரம், கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், நாடகமும் அரங்கியலும் போன்றவை. தமிழ் இலக்கிய நயமும் இதற்குள்தான். சங்கீத ரீச்சர் இல்லாத இடத்தில், தமிழாசிரியரே எடுத்துவிடலாம் என்று எல்லாரையும் இலக்கிய நயத்துக்குத் தள்ளுவார்கள். பாடத்தில் குறையில்லை, பிள்ளைக்குத் தெரிவு இல்லை. கோவலன் கூத்து ஆடிய முல்லைத்தீவு மண்ணில் நாடகம் படிக்க ஆசிரியர் தேட வேண்டியிருப்பது வேறு கதை. ஆகவே அதிபரிடம் கேட்கவேண்டியது பெறுபேறு வீதம் அல்ல. “மூன்று தொகுதியிலும் இப்ப என்னென்ன பாடம் நடக்குது, ஆசிரியர் நிரந்தரமா, இணைப்பா?” என்று கேளுங்கள். வேறு பள்ளிக்கூடத்தில் இருந்து தற்காலிகமாக இணைப்பில் வந்தவர் இடமாற்றத்தோடு போனால் பாடமும் போகும், பிள்ளை பாதியில் பாடம் மாற வேண்டிவரும்.

விளையாட்டில் மாறாக ஊருக்கே புள்ளி. இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் எல்லா மைதானமும் கலகலக்கும். அதை வைத்து மட்டிடாதீர்கள். ஆனி மாதத்தில் ஒரு நாள் பின்னேரம் போய்ப் பாருங்கள், எல்லே என்கிற பந்தடி விளையாட்டோ உதைபந்தோ நடக்கிறதா என்று. பயிற்சி பள்ளிக்கூடம் விட்ட பிறகு, 1.30க்குப் பின்தான். மாங்குளத்தில் இருந்து ஏ9 வீதி வழியே வந்துபோகிற பிள்ளை அந்நேரம் பஸ் பிடிக்க ஓட வேண்டும். உள்வீதிகளில் பொழுதுபட்டால் யானைப் பயமும் உண்டு. அதனால் ரவுணில் இருக்கிற மைதானம், சாரணியம், தமிழ்த்தினப் போட்டிப் பயிற்சி எல்லாம் ரவுண் பிள்ளைக்குத்தான் வாய்க்கும். ரவுணில் உறவினர் வீடு இருந்தால் கணக்கு மாறும்.

குடிதண்ணீரையும் பார்த்துக்கொள்ளுங்கள். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் உள்ள கிராமங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் குடிப்பது சுத்திகரித்த தண்ணியா, கிணற்றுத் தண்ணியா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எங்கள் தீர்ப்பு: கொப்பிச் சோதனையில் ஊர்ப் பள்ளிக்கூடம் தேறினால், பயணம் ஒருவழி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்றால், 11ஆம் தரம்வரை ஊரே நல்லது. மிஞ்சுகிற பஸ் காசில் ஆங்கிலத்துக்கோ கணிதத்துக்கோ, பிள்ளை பின்தங்கியிருக்கிற ஒரு பாடத்துக்கு மட்டும், கிழமையில் இரண்டு நாள் ரியூசன் விடலாம். ஏழு நாளும் விட்டால் பிள்ளைக்கு விளையாட நேரம் எங்கே இருக்கு?