டயப்ரமா, மோட்டாரா: கொழும்புக்கு ஏற்ற வேஸ்ட்கேட் எது?

இலங்கையில் வாகன வரி எஞ்சின் கொள்ளளவை ஒட்டி ஏறுவதால், சிறிய எஞ்சினில் டர்போ (கழிவுவாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பூட்டிய கார்கள் கொழும்பு வீதிகளில் பெருகிவிட்டன. அப்படியொரு காரை வாங்கத் தீர்மானித்தபோது நான் முதலில் விசாரித்தது, டர்போவின் அழுத்தத்தை எல்லைக்குள் வைக்கும் கதவான வேஸ்ட்கேட்டை இயக்குவது காற்றழுத்தமா, மின்மோட்டாரா என்பதைத்தான். காற்றழுத்தத்தால் இயங்கும் டயப்ரம் (நெகிழும் சவ்வு) வகையையே தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

வேஸ்ட்கேட் இல்லாத டர்போ தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளும். டர்பைன் சக்கரம் வேகமெடுத்தால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்று போகிறது. அது கூடுதல் எரிபொருளோடு எரிந்து கூடுதல் கழிவுவாயுவைத் தருகிறது. அந்த வாயு சக்கரத்தை மேலும் சுழற்றுகிறது. இதை அப்படியே விட்டால் நொக்கிங் (எரிபொருள் கலவை தவறான நேரத்தில் தானாக வெடித்தல்) தொடங்கி பிஸ்டன் வரை சேதம் போகும். நீர்த்தேக்கம் நிரம்பும்போது வான் கதவைத் திறந்து மிகுதி நீரை வெளியேற்றுவதுபோல, வேஸ்ட்கேட் கழிவுவாயுவின் ஒரு பகுதியைச் சக்கரத்தில் படவிடாமல் நேரே சைலன்சர் பக்கம் திருப்பிவிடுகிறது. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. அதில் பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அளவில் கட்டுப்படுத்தப்பட்டது.

டயப்ரம் வகையில் ஒரு சிறிய தகர டப்பாவும், அதற்குள் ஒரு டயப்ரமும் ஸ்பிரிங்கும், வெளியே நீளும் ஒரு கம்பியும் இருக்கின்றன. டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் பக்கத்திலிருந்து வரும் குழாய் டயப்ரத்தை அழுத்த, ஸ்பிரிங் தாங்கும் எல்லையை அழுத்தம் தாண்டியதும் கம்பி நகர்ந்து கதவைத் திறக்கிறது. ஸ்பிரிங் 7 பிஎஸ்ஐ அளவில் திறக்கும்படி அமைந்திருந்தால், வேறெதுவும் தலையிடாதபோது பூஸ்ட்டும் ஏறத்தாழ அங்கேயே நிற்கும். அதற்கு மேல் தேவைப்படும்போது, எஞ்சின் கணினி, மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சொலனோயிட் வால்வைத் துடிக்கவைத்து, டப்பாவுக்குப் போகும் அழுத்தத்தில் ஒரு பங்கைக் கசியவிடுகிறது. அழுத்தம் குறைவென்று டயப்ரம் உணர்வதால் கதவு தாமதமாகத் திறந்து பூஸ்ட் உயர்கிறது.

மின்மோட்டார் வகை, தொழில்நுட்பமாகப் பார்த்தால், இதைவிட மேலானது என்பதை மறுக்க இயலாது. பத்தாம் தலைமுறை ஹொண்டா சிவிக்கின் 1.5 லீற்றர் டர்போ இதற்கு நல்ல உதாரணம். மோட்டாரும் பற்சக்கரமும் கதவை நகர்த்த, ஒரு சென்சர் அதன் நிலையைக் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பூஸ்ட் உருவாவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், சீரான வேகத்தில் செல்லும்போது கதவைத் திறந்துவைத்து எஞ்சினின் பின்னழுத்தத்தைக் குறைக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சூடான வாயுவை நேரே, கழிவுவாயுவைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கொன்வெர்ட்டருக்கு அனுப்பலாம். தெற்கு அதிவேகப் பாதையில் அடிக்கடி மாத்தறைக்குப் போய்வருபவருக்கு இதனால் எரிபொருளில் பலன் கிடைக்கக்கூடும். அத்தகைய காரை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. நண்பரின் வண்டியை ஓட்டியபோது பிக்கப் இன்னும் சீராக வந்ததாகவே தோன்றியது.

ஆனால் நான் காரை வாங்குவது பல ஆண்டுகள் வைத்திருப்பதற்காக. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் இருக்கிற வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர நம்மில் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. பழுதாகும்போது எந்தப் பாகத்தைக் கழற்றலாம், எதைத் தனியாக வாங்கலாம் என்பதே எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. டயப்ரம் வகையில் பெரும்பாலும் முதலில் கெடுவது அந்த ரப்பர் குழாய்தான். டர்பைனின் சூட்டில் அது இறுகி, நிப்பிளில் மாட்டும் முனையில் மயிரிழை போல வெடிக்கும். விரலால் வளைத்தாலே வெடிப்பு வாய் திறந்து தெரியும். அதே அளவுக் குழாயைக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் அடிக்கணக்கில் வாங்கி மாற்றிவிடலாம். டயப்ரத்தைச் சோதிக்க, மானி பொருத்திய ஒரு கைப்பம்ப் போதும்: டப்பாவின் நிப்பிளில் மாட்டி மெல்ல அழுத்தினால், எந்த அழுத்தத்தில் கம்பி அசையத் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் காணலாம், அங்கே நிறுத்தி முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தால் கிழிசல் உண்டா என்பதும் தெரிந்துவிடும். டப்பாவையே மாற்ற நேர்ந்தாலும், கம்பியின் மரையைத் திருகி, அதே பம்ப்பை வைத்துத் திறக்கும் அழுத்தத்தைச் சரிசெய்து, நட்டை இறுக்கிவிடலாம்.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். குழாய் வெடித்தால் டப்பாவுக்கு அழுத்தம் போகாது, கதவு திறக்காது, பூஸ்ட் எல்லை மீறும். எஞ்சின் கணினி அதை உணர்ந்து சக்தியைக் குறைத்து, பி 0234 என்ற பழுதுக் குறியீட்டைப் பதிவுசெய்துவிடும் என்றாலும், ஆபத்தான பக்கமாகவே பழுதாகும் அமைப்பு இது. ஆகவே ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் குழாயைப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

மின்வகையில் மோட்டார், பற்சக்கரம், சென்சர், சர்க்கிட் ஆகிய எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடைபட்டு டர்பைனின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்று கெட்டாலும் பெரும்பாலும் கதவை இயக்கும் இந்த அக்சுவேட்டர் முழுவதையும் மாற்ற வேண்டும். மாற்றிய பின், கதவு முழுதாக மூடும் நிலையைக் கணினிக்குக் கற்பிக்க அந்த வண்டிக்குரிய ஸ்கேனரும் அதைக் கையாளத் தெரிந்தவரும் வேண்டும். கதவின் அச்சும் புஷ்ஷும் தேய்ந்து கடகடவென்று சத்தமிடுவது இரு வகைக்கும் பொது என்பதால், அதை வைத்து ஒன்றை உயர்த்திப் பேசுவதில் அர்த்தமில்லை. தனியாகப் பூட்டும் வெளிப்புற வேஸ்ட்கேட் பந்தய வண்டிகளுக்கு உரியது. அன்றாடக் காருக்கு அது தேவைப்படாது.

மின்வகைக் காரே மனதுக்குப் பிடித்திருக்கிறதென்றால், வாங்குமுன் ஸ்கேனரை இணைத்து, கணினி கேட்கும் கதவு நிலையும் சென்சர் காட்டும் நிலையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அக்சுவேட்டர் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால், மூடும் நிலை மீண்டும் அளவீடு செய்யப்பட்டதா என்பதை அந்த வேலையைச் செய்த கராஜிலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு முற்பணம் கொடுங்கள்.