பாடி எர்த்: டிரெய்லரோடு ஆறு வருடம்

போன வாரம் டல்லாஸ் நண்பர் ஒருவர் விளம்பரம் ஒன்றை அனுப்பிவைத்தார். 2018 மாடல் டிராவல் டிரெய்லர், அதாவது பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு, 24 அடி. "அண்ணா, சஸ்பென்ஷன் முழுக்க அப்கிரேட் பண்ணிட்டாங்களாம், லித்தியம் பேட்டரியும் போட்டிருக்காங்களாம். அதுக்குன்னு ரெண்டாயிரம் டாலர் கூடக் கேக்கறாங்க. குடுக்கலாமா?" இந்த இரண்டு வேலையையும் நான் என் வண்டியில் செய்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அதில் ஒன்று என்னை மூன்று வருடம் ஏமாற்றியது என்பது தெரியாது. வாட்ஸ்அப்பில் பதில் தட்டத் தொடங்கி, விரல் வலித்து, இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வண்டி 2019-இல் ஹூஸ்டனில் புதிதாக வாங்கியது. 25 அடி, இரட்டை ஆக்சில், 24,000 டாலர். மற்ற விவரமெல்லாம் எல்லா விளம்பரத்திலும் இருப்பதுதான். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குக் கோபம் வந்துவிடும்.

நல்லது என்றால் சஸ்பென்ஷன்தான். 2022-இல் நியூ ஆர்லியன்ஸ் போனோம். லூசியானாவில் ஐ-10 சாலை அச்சாஃபலாயா சதுப்புநிலத்துக்கு மேலே 18 மைல் பாலமாகவே போகும். கான்கிரீட் இணைகிற இடமெல்லாம் ஒரு உதை. பிக்கப்பின் பின்சக்கரம் ஏறி இறங்கும், டிரெய்லரின் முதல் ஆக்சில் ஏறி இறங்கும், இரண்டாவது ஏறுவதற்குள் அடுத்த இணைப்பு வந்துவிடும். டடக், டடக், டடக் என்று 18 மைலும் இதேதான். பாலம் முடிந்து ஓரம் கட்டிக் கதவைத் திறந்தால் இழுப்பறைகள் அத்தனையும் வெளியே நிற்கின்றன. இட்லிப் பானையின் மூடி குளியலறை வாசலில் கிடக்கிறது. நாலு பவுண்டு துவரம்பருப்புப் பை பிரிந்து, ஸ்லைடு (நிறுத்திய பிறகு மோட்டாரில் வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் சுவர்ப்பகுதி) நகரும் தடம்வரை பருப்பு. அதை முழுசாகப் பொறுக்காமல் ஸ்லைடைத் திறக்க முடியாது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஊர் திரும்பி அடியில் படுத்துப் பார்த்தேன். இந்த வண்டிகளின் அமைப்பு நம் லாரி ஸ்பிரிங் பட்டைதான், வேறு மாயம் ஒன்றும் இல்லை. இரண்டு பட்டைக்கும் நடுவே ஈக்குவலைசர் என்று ஒரு முக்கோண இரும்பு. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் எடையை அடுத்த சக்கரத்துக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. பட்டைக்கும் அதற்கும் நடுவே ஷேக்கிள்கள், அதாவது இரண்டையும் இணைக்கும் இரும்புத் தகடுகள். பக்கத்துக்கு ஏழு போல்ட், மொத்தம் 14. ஒரு போல்ட்டை உருவிக் கையில் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு பக்கம் மட்டும் அரைக்கால் அங்குலம் தேய்ந்து, கடித்துத் துப்பிய கரும்புபோல இருந்தது. அதைச் சுற்றியிருக்கவேண்டிய நைலான் புஷ் இருந்த இடமே தெரியவில்லை. ஷேக்கிளின் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டையாகியிருந்தது. வண்டி ஓடியதோ மொத்தம் 9,000 மைல்.

நான் நாமக்கல்காரன். எங்கள் ஊரில் லாரி கிளீனராகச் சேர்கிற பையன் கையில் முதலில் கொடுப்பதே கிரீஸ் கன்தான். எந்த பின்னுக்கு எங்கே நிப்பிள், அதாவது கிரீஸ் ஏற்றும் வாய், என்பது அவனுக்கு ஒரே வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். இங்கே 24,000 டாலர் வண்டியில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் நைலான் குழாய், நிப்பிள் கிடையாது, கிரீஸ் போக வழியும் கிடையாது. கேட்டால் "பராமரிப்பு தேவையில்லாதது" என்கிறார்கள். பராமரிக்க முடியாததற்கு இப்படி ஒரு பெயர்.

சரி, மாற்றினேன். வெண்கல புஷ், நடுவே துளையிட்டு முனையில் நிப்பிள் வைத்த போல்ட், அரை அங்குல கனத்தில் ஷேக்கிள், நடுவில் ரப்பர் வைத்த ஈக்குவலைசர். சாமான் 400 டாலருக்குள் அடங்கியது. ஒரு சனி, ஒரு ஞாயிறு, இரண்டு முழங்கைத் தோல் தனிக் கணக்கு. இந்த போல்ட்டின் கழுத்தில் பல் இருக்கும். அடித்து உட்காரவைக்கவேண்டுமே தவிர ஸ்பேனர் போட்டுச் சுற்றக் கூடாது. சுற்றினால் பிடிமானம் போய், போல்ட் ஓட்டையிலேயே சுழன்று அதைத் தின்ன ஆரம்பிக்கும். கிரீஸ் வெளிவரும் துளை எடை அழுத்தாத பக்கவாட்டில், கடிகாரத்தில் மூன்று மணி அல்லது ஒன்பது மணி இருக்கும் இடத்தில், நிற்கவேண்டும். நான் இரண்டு போல்ட்டில் இதைக் கவனிக்கவில்லை. இன்றுவரை அந்த இரண்டும் கிரீஸ் குடிக்க அடம்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் ஜாக்கி வைத்து எடையைத் தூக்கினால்தான் வாயைத் திறக்கும். ஜாக்கியை ஃபிரேமுக்கு அடியில் வையுங்கள். ஆக்சில் குழாயின் நடுவில் வைத்துத் தூக்கி அதை வளைத்தவர்கள் உண்டு.

அப்புறம் அதே பாலத்தில் இரண்டு முறை போய்வந்துவிட்டேன். சத்தம் இருக்கிறது, உதை இல்லை. பருப்பு அதனதன் இடத்தில் இருக்கிறது. செலவு செய்ததில் இவ்வளவு திருப்தி தந்த சாமான் வீட்டில்கூட இல்லை.

இனி கரண்ட் விஷயம்.

2021 டிசம்பர், பிக் பெண்ட் தேசியப் பூங்கா. மலைக்கு மேலே சீசோஸ் பேசினுக்கு 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரைக் கொண்டுபோகவேண்டாம் என்பதால் கீழே ஆற்றோரம் ரியோ கிராண்டே வில்லேஜில் தங்கினோம். அங்கே கரண்ட் பாயிண்ட் இல்லாத இடத்தில் நிறுத்தியிருந்தோம். ராத்திரி குளிர் பூச்சியத்தை ஒட்டி இறங்கியது. அறையைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, நெருப்புப் பற்றவில்லை. குளிர்ந்த காற்றை அறை முழுக்க வீசிவிட்டு நின்றுவிடும், மறுபடி ஆரம்பிக்கும். இந்த ஃபர்னஸுக்குள் ஒரு சின்னத் தகடு உண்டு. காற்றின் வேகத்தில் அது நகர்ந்தால்தான் கேஸ் திறக்கும். வோல்ட் குறைந்தால் காற்றாடி சோம்பும், தகடு நகராது, நெருப்பும் வராது. பாதுகாப்புக்காக வைத்தது, நியாயமானதுதான். அந்த நியாயத்தை நினைத்துக்கொண்டே ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுத் தூங்கினோம்.

ஹூஸ்டன் வந்ததும் சர்வீஸ் கடையில் விட்டேன். பிளக்கில் செருகிப் பார்த்தார்கள். ஃபர்னஸ் ஜம்மென்று எரிந்தது. "ஒரு குறையும் இல்லை" என்று எழுதி, அந்த இல்லாத குறையைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரக் கூலி 320 டாலர் வாங்கிக்கொண்டார்கள். பிளக்கில் எரிகிறது, பேட்டரியில் எரியவில்லை, அப்படியானால் பேட்டரிதானே? பக்கத்து வீட்டுக்காரர் அதையே சொன்னார். ஊரிலிருந்து மாமாவும் போனில், "பேட்டரி டவுன் மாப்ளே, மாத்திப்புடு" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

மாற்றினேன். 100 ஆம்பியர்-அவர் லித்தியம், அப்போது 900 டாலர். இன்று அதே அளவு 250-க்குள் கிடைக்கிறது, அந்த வயிற்றெரிச்சல் வேறு. பிளக்கிலிருந்து வரும் கரண்ட்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பழைய கன்வெர்ட்டர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடும், லித்தியத்துக்கு 14.2-க்கு மேல் வேண்டும் என்பதால் புதுக் கன்வெர்ட்டர். பிக்கப்பிலிருந்து ஓடும்போது ஏற்ற ஒரு டிசி-டிசி சார்ஜர். 1,000 வாட் இன்வெர்ட்டர். பூச்சியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் பேட்டரி, பிக்கப்போடு மாட்டும் முன்கம்பியிலிருந்து கட்டிலுக்கு அடியில் குடியேறியது. மொத்தம் 1,900 டாலரைத் தொட்டது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இதில்தான் வந்தது. மிக்ஸி! பழைய ஈய பேட்டரியில் சின்ன இன்வெர்ட்டர் வைத்து மிக்ஸியைத் தட்டினாலே வோல்ட் சரிந்து கூவ ஆரம்பிக்கும். லித்தியத்தில் 550 வாட் மிக்ஸி சுற்றும்போது மீட்டர் 52 ஆம்பியர் காட்டுகிறது, வோல்ட்டோ 13-ஐ விட்டு இறங்கவில்லை. இரண்டு நிமிடச் சட்னிக்கு இரண்டு ஆம்பியர்-அவர்கூட ஆகாது. பாலைவனத்தில், காலை ஏழு மணிக்கு, ஜெனரேட்டர் போடாமல் தேங்காய்ச் சட்னி. என் மனைவிக்கு இந்த டிரெய்லர் பிடிக்க ஆரம்பித்த நாள் அதுதான். ஃபர்னஸும் எரிந்தது. மாமாவுக்கு போன் போட்டு நன்றி வேறு சொன்னேன்.

மூன்று குளிர்காலம் எல்லாம் சரி. ஸ்லைடு கொஞ்சம் மெதுவாகப் போகிறது, தண்ணீர் பம்ப் ஓடும்போது விளக்கு லேசாக மங்குகிறது, வண்டிக்கும் வயசாகிறது என்று விட்டுவிட்டேன். 2025 ஜனவரியில் குவாடலூப் மலைப் பூங்காவின் பைன் ஸ்பிரிங்ஸில் நிற்கிறோம். வெளியே இறங்கி நின்றால் ஆளைத் தள்ளும் காற்று. உள்ளே ஃபர்னஸ் குளிர்ந்த காற்றை வீசிவிட்டு நின்றது. செல்போனில் பார்த்தால் டிரெய்லரின் லித்தியம் பேட்டரி 82 சதவீதம், 13.1 வோல்ட். விடிந்ததும் மிக்ஸி பிரமாதமாக ஓடுகிறது. மிக்ஸிக்குப் போதுகிற கரண்ட் ஒரு காற்றாடிக்குப் போதவில்லையா?

விடை கிடைத்தது பிப்ரவரியில், கிரீஸ் கன்னோடு அடியில் படுத்திருந்தபோது. அடம்பிடிக்கும் அந்த இரண்டு போல்ட்டில் ஒன்று, பட்டையை ஃபிரேமோடு பிடிக்கும் முன்பக்க ஹேங்கரில் இருக்கிறது. அதற்காக மல்லாந்து கிடந்தேன். முகத்துக்கு நேரே, தரையைத் துளைத்துக்கொண்டு ஒரு வெள்ளை ஒயர் இறங்கி ஃபிரேமில் முடிகிறது. அதைப் பிடித்திருப்பது ஒரு திருகாணி. தன் வழியைத் தானே துளைத்துக்கொள்ளும் ரகம். நட்டு இல்லை, வாஷர் இல்லை, கறுப்புப் பெயிண்டைக்கூடச் சுரண்டாமல் அதன் மேலேயே இறக்கியிருந்தார்கள். சக்கரம் வாரி இறைக்கும் சேறெல்லாம் விழுகிற இடம். தலை துருவேறி வட்டமாகியிருந்தது, ஒயரின் செம்பு பச்சை பிடித்திருந்தது. டிரெய்லரில் பேட்டரியின் மைனஸ் ஃபிரேம் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஊர் பாஷையில் பாடி எர்த். உள்ளே இருக்கும் விளக்கு, பம்ப், ஃபர்னஸ், ஸ்லைடு அத்தனைக்கும் அந்த ஒரு திருகாணிதான் வழி.

"அப்பா, ஆன் பண்ணட்டுமா?" என்று உள்ளேயிருந்து மகன் கேட்டான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபர்னஸைப் போடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திருகாணியைத் தொட்டால் விரல் சுருக்கென்றது. மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி மைனஸிலும், இன்னொன்றை ஃபியூஸ் பெட்டியின் மைனஸிலும் வைத்தேன். 2.3 வோல்ட். நல்ல எர்த்தாக இருந்தால் இது பூச்சியத்தை ஒட்டி நிற்கவேண்டும். 13.2-இல் 2.3 போனால் ஃபர்னஸுக்கு 10.9 கிடைக்கும், அதில் தகடு நகராது. 2021-இலும் இதே திருகாணிதான் ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்றிருக்கும். ஈய பேட்டரி 12.3-இல் இருந்ததால் தாங்கவில்லை. லித்தியம் 13-க்கு மேல் நின்றதால் இழப்பு போகவும் மிச்சம் இருந்தது. நான் வாங்கிய 1,900 டாலர் சாமான் குறையைத் தீர்க்கவில்லை, அது தெரியாதபடி மூன்று வருடம் மூடிவைத்திருந்தது. மிக்ஸியின் இன்வெர்ட்டரோ பேட்டரியில் நேரடியாக மாட்டியது, அதற்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. கடையில் பிளக்கில் செருகியபோது உள்ளேயிருக்கும் கன்வெர்ட்டரே நேராகக் கரண்ட் கொடுத்துவிட்டது, திருகாணி ஆட்டத்திலேயே இல்லை. பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க அந்தக் கடையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, ஆனால் நான் கூலி வாங்கவில்லையே.

பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, ஓட்டை போட்டு நட்டு-போல்ட்டும் பல் வாஷரும் வைத்து முறுக்கி, மேலே பெயிண்ட் அடித்தேன். அது போதாதென்று பேட்டரி மைனஸிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்குத் தனியாக ஒரு தடித்த கேபிளும் இழுத்துவிட்டேன். ஃபிரேமை நம்புவதாக இல்லை. செலவு 40 டாலர். மீட்டர் இப்போது 0.05. ஸ்லைடு புது வண்டிபோலப் பாய்கிறது. அன்று மாலை எனக்கு வந்தது சந்தோஷமா கோபமா என்று இன்னும் தெரியவில்லை. மாமாவிடம் சொன்னேன். "நான்தான் அப்பவே எர்த்த பாருன்னு சொன்னனே மாப்ளே" என்றார். சொல்லவே இல்லை.

ஆகவே தம்பி, ரெண்டாயிரம் கூடக் கொடுக்காதீர்கள். போய்ப் பார்க்கும்போது ஒரு மல்டிமீட்டரும் பழைய துணியும் கொண்டுபோங்கள். பிளக்கைப் பிடுங்கச் சொல்லி ஃபர்னஸைப் போட்டு, நான் சொன்ன இரண்டு இடத்தில் முள்ளை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த லித்தியம் எதையோ மூடிவைத்திருக்கிறது. அடியில் படுத்து நிப்பிள்களைத் துணியால் துடையுங்கள். புதுக் கிரீஸ் ஒட்டவேண்டும். காய்ந்து மண் அப்பியிருந்தால், அப்கிரேட் செய்தவர் அதற்கப்புறம் குனியவே இல்லை என்று அர்த்தம்.

என்னைக் கேட்டால், இவ்வளவும் சரியாக இருந்தால்கூட வாங்காதீர்கள். வருடத்துக்கு ஆறு தடவை போவீர்கள், அந்தப் பணத்தில் நல்ல ஹோட்டலாகவே பார்த்துத் தங்கலாம். அங்கே ஃபர்னஸ் எரியாவிட்டால் கீழே போன் போட்டால் போதும்.

மார்ச்சில் மறுபடி பிக் பெண்ட் பதிவு செய்திருக்கிறோம். நாலு சக்கரத்துக்கும் பேரிங் பிரித்துக் கிரீஸ் வைக்கிற வேலை பாக்கி, வருடம் ஒன்றாகிவிட்டது. அந்த வாரக்கடைசியில் ஹூஸ்டன் பக்கம் வந்தால் பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.