யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஜப்பான் கார் எடுப்பித்த அனுபவம்

2025 ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். நல்லூரில் கொடியேறிய நேரம். ஆனால் கோயிலை விடக் கார் சேல்களிலும் வங்கியிலும்தான் கூட நேரம் போனது. கொக்குவிலில் இருக்கும் தம்பிக்கு ஒரு கார் தேவை, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒவ்வொரு தடவையும் வாடகைக் காருக்குப் போன் அடித்துக்கொண்டு நிற்க ஏலாது, அதனால் ரொறன்ரோவில் இருந்து நானும் லண்டனில் இருந்து அக்காவும் காசு போடுவது என்று முடிவு. இப்படி வெளியில் இருந்து காசு அனுப்பப் போகிற ஆட்களுக்குப் பிரயோசனப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

கனடாவில் ஓடுகிற காரையே கப்பலில் ஏற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஏலாது. இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வாகனத்தை இலங்கைக்குள் விடமாட்டார்கள். லண்டன் கார் வலப்பக்கம்தான், ஆனால் பாவித்த கார் என்றால் மூன்று வருடத்துக்கு மேற்படக் கூடாது, வரியிலும் சலுகை இல்லை. ஆகவே சுற்றிச் சுற்றி ஜப்பானுக்குத்தான் வர வேண்டும். அங்கே புதுக் காருக்கு முதல் கட்டாயப் பரிசோதனை மூன்றாம் வருடத்தில் வரும், அந்தச் செலவுக்கு முன்னமே நிறையப் பேர் விற்றுவிடுவதால் நல்ல நிலையில் உள்ள கார்கள் ஏலத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

ஊரில் விலை ஏன் இப்படி எகிறி நிற்கிறது என்று அக்காவுக்கு விளங்கப்படுத்தவே பெரும்பாடு. 2020 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் ஐந்து வருடம், உள்ளே ஓடின பழைய கார்களே வாங்கிய விலைக்கு மேல் கைமாறின. திறந்த பிறகும் வரி குறைவில்லை. நான் போன நேரம் சுங்கத் தீர்வை 20 வீதம், அந்தத் தீர்வையில் பாதி மேலதிக வரி, பிறகு எஞ்சின் சிசி கணக்கில் உற்பத்தி வரி (மின்சாரக் கார் என்றால் மோட்டார் கிலோவாட் கணக்கு), இவ்வளவையும் கூட்டி அதற்கு மேல் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி). ஜப்பானில் கொடுத்த விலையை விட இங்கே கட்டும் வரி கூட என்பது சாதாரணம். அதனால் ஜப்பானில் கார் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை, எத்தனை சிசி, எப்ப செய்த கார் என்று கேளுங்கள். 660 சிசி சுசுகி வகன்ஆருக்கும் 1500 சிசி காருக்கும் கையில் விழும் வித்தியாசத்தில் இங்கே ஒரு கிணறு வெட்டி மதிலும் கட்டலாம்.

சரி, கார் சேல் கதை. முதலில் போன இடத்தில் ஏசி, குளிர்பானம், நல்ல உபசாரம். மினுக்கி நிறுத்தியிருந்த ஒரு காரைக் காட்டி விலை சொன்னார்கள். ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதிக் கொடுக்கும் ஏலத்தாளைக் காட்டச் சொன்னேன். அங்கிருந்த பெடியன், "அண்ணை, உங்களுக்குக் கார் வேணுமா, பேப்பர் வேணுமா?" என்று கேட்டான். கடைசியில் ஒரு போட்டோக்கொப்பி வந்தது, சேசிஸ் நம்பர் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வருடக்கணக்கில் குளிரில் நின்று உழைத்த காசை இப்படி ஒரு வெள்ளைக் கட்டத்தை நம்பிக் கட்டச் சொல்வது எனக்குக் கோபம், இன்னும் ஆறவில்லை.

ஏலத்தாள் என்பது ஜப்பானில் யூஎஸ்எஸ் மாதிரிக் கார் ஏலக் கூடங்களில் அவர்களின் பரிசோதகர் காரைப் பார்த்து எழுதும் ஒரு பக்கம். ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மேல் மூலையில் தரம் இருக்கும், 4, 4.5 என்றால் நல்லது, ஆர் என்று போட்டிருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். கீழே காரின் படம், அதில் ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் தகரவேலை செய்த அடையாளம், இரட்டை எக்ஸ் என்றால் அந்தப் பாகமே மாற்றப்பட்டது. ஓடிய கிலோமீற்றரும் எழுதியிருக்கும். அதையும் காரின் மீற்றரையும் சேர்த்துப் பாருங்கள், அவ்வளவு போதும் பல பேரின் வாயை அடைக்க.

அடுத்ததாகப் போன இறக்குமதிக்காரர் வித்தியாசமான மனிதர். சின்னக் கந்தோர், ஒரு மேசை, ஒரு கணினி. நாங்கள் கேட்க முதலே ஏலத்தைத் திறந்து காட்டி, "தம்பியின் பேரிலேயே எல்சி திறவுங்கோ, நான் கொமிஷன் மட்டும் எடுக்கிறன்" என்றார். எல்சி என்பது விற்பவருக்குக் காசு கிடைக்கும் என்று எங்கள் வங்கி கொடுக்கும் கடன் கடிதம். கார் செய்த மாதத்தை முதலில் பார்க்கச் சொன்னதும் அவர்தான், ஏனென்றால் மூன்று வருடக் கணக்கு கார் உற்பத்தியான நாளில் இருந்து காரைக் கப்பலில் ஏற்றியதற்குக் கொடுக்கும் பத்திரத்தின் திகதி வரைக்கும் ஓடும், கப்பல் பிந்தினால் கார் வயது தாண்டிவிடும்.

வங்கியைப் பற்றிக் கட்டாயம் நல்லது சொல்ல வேண்டும். எல்சிப் பகுதியில் இருந்த பிள்ளை ஒவ்வொரு தாளையும் தமிழில் விளங்கப்படுத்தி, விட்டுப்போன கையெழுத்துக்குப் போன் எடுத்துக் கூப்பிட்டது. பத்து வருடத்துக்கு முதல் இப்படி ஒரு சேவையை நான் இங்கே காணவில்லை.

கார் அம்பாந்தோட்டையில் இறங்கும்போது நான் ரொறன்ரோவில். மிச்சம் தம்பி வட்சப்பில் சொன்னது. சுங்க வேலை சுத்தமாக முடிந்திருக்கிறது, ஆனால் கிளியரிங் பார்த்தவர், அதாவது துறைமுகத்தில் இருந்து காரை எடுத்துத் தருகிற முகவர், "வேறு செலவுகள்" என்று ரசீது இல்லாத ஒரு தொகையைப் பில்லில் போட்டிருந்தார். ரசீது இல்லாமல் தரமாட்டேன் என்று தம்பி நின்றான், இரண்டு நாள் இழுத்துவிட்டு அதில் பாதியைக் குறைத்தார்கள். அவர்களோடு கன நாள் இழுபடவும் பயம், ஏனென்றால் 90 நாளுக்குள் காரைப் பதியாவிட்டால் மாதம் 3 வீதம் தண்டம். ஆகவே துறைமுகத் தாமதக் கட்டணம் யார் தலையில், கிளியரிங் கூலி எவ்வளவு என்பதைக் கப்பல் ஏற முதலே எழுத்தில் வாங்கி வையுங்கள், வட்சப்பில் ஒரு வரி என்றாலும் சரி.