சென்சாரா, வயரா? எக்ஸ்கவேட்டர் இன்ஜினின் மின்பிழையைக் கண்டறியும் நான்கு வழிகள்

எக்ஸ்கவேட்டரின் திரையில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, இன்ஜின் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும்போது, பழுது பார்ப்பவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. பிழைக் குறியீட்டைப் படித்து அதை நம்பி நடப்பது முதல் வழி. நல்ல நிலையில் உள்ள வேறொரு சென்சாரை மாட்டிப் பார்ப்பது இரண்டாவது. மல்டிமீட்டரால் மின்சுற்றை அளப்பது மூன்றாவது. மின்னழுத்தம் நொடிக்கு நொடி மாறுவதை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் சிக்னலின் அலைவடிவத்தைப் பார்ப்பது நான்காவது. இவற்றில் முதல் இரண்டையும் மட்டும் கொண்டு வேலையை முடித்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பழுதில்லாத சென்சார்கள் குப்பைக்குப் போவதற்கும், அதே பிழை சில நாட்களில் திரும்ப வருவதற்கும் அதுவே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

பிழைக் குறியீட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அதை முழுமையாகப் படிக்க வேண்டும். கனரக வாகனங்களும் இயந்திரங்களும் பயன்படுத்தும் ஜே1939 என்ற தகவல்தொடர்பு முறையில் ஒவ்வொரு குறியீட்டிலும் இரண்டு எண்கள் உண்டு. எஸ்பிஎன் என்ற எண் எந்த அளவு என்பதைச் சொல்கிறது: 100 என்றால் ஆயில் அழுத்தம், 110 என்றால் கூலன்ட் வெப்பநிலை, 157 என்றால் எரிபொருள் ரெயிலின், அதாவது இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் எரிபொருள் தரும் பொதுக்குழாயின், அழுத்தம். எஃப்எம்ஐ என்ற இரண்டாவது எண் பிழையின் தன்மையைச் சொல்கிறது. 3 என்றால் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிட அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் மின்னோட்டம் குறைவு அல்லது சுற்று அறுந்திருக்கிறது. இவை மின்பிழைகள். ஆனால் 0, 1 ஆகிய எண்கள், சென்சார் ஒழுங்காகப் பேசுகிறது, அது சொல்லும் அளவுதான் ஆபத்தானது என்று பொருள்படுபவை. எஸ்பிஎன் 100 உடன் எஃப்எம்ஐ 1 வந்தால் ஆயில் அழுத்தம் உண்மையிலேயே விழுந்திருக்கக்கூடும். அந்த நிலையில் சென்சாரைச் சந்தேகித்து இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது பேரிங்குகளைப் பலிகொடுக்கும் செயல். ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, இயந்திர வகை அழுத்தமானியைப் பொருத்தி அளந்த பிறகே வேறு எதையும் யோசிக்க வேண்டும்.

மின்பிழை என்று தெளிவான பிறகும், குறியீடு சுட்டுவது ஒரு மின்சுற்றையே அன்றி ஒரு பொருளை அல்ல. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குத் தெரிவது அதன் சொந்த முனைக்கு வந்து சேரும் மின்னழுத்தம் மட்டுமே. சென்சார் கெட்டதா, வயர் அறுந்ததா, கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின் இடம் நகர்ந்ததா என்பதை அதனால் பிரித்தறிய முடியாது. இதைப் பிரித்தறிய ஒரு துண்டு வயரே போதும் என்பதால், எல்லாச் சோதனைகளிலும் இதையே நான் முதலில் வைப்பேன். இரண்டு வயர் கொண்ட கூலன்ட் வெப்பநிலை சென்சாரில், சூடு ஏற ஏற மின்தடை குறையும். கனெக்டரைக் கழற்றினால் ஈசியூ 5 வோல்ட்டை ஒட்டிய அளவைக் காணும். திரையில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி போலப் பதியும். கனெக்டரின் இரண்டு முனைகளையும் வயரால் இணைத்தால் மின்னழுத்தம் பூஜ்யத்தை நெருங்கி, வெப்பநிலை உச்சத்துக்குப் போகும். எஃப்எம்ஐ 4 இருக்கும்போது கனெக்டரைக் கழற்றியதும் அது 3 ஆக மாறினால், வயரும் ஈசியூவும் நலம், சென்சாரே பழுது. கழற்றிய பின்னும் 4 நீடித்தால், பெரும்பாலும் வயர் எங்கோ பாடியில் உரசிக் கிரவுண்டைத் தொடுகிறது. மூன்று வயர் கொண்ட அழுத்த சென்சார்களில் மட்டும் இந்த இணைப்புச் சோதனையைச் செய்யக்கூடாது. 5 வோல்ட் வயரைக் கிரவுண்டுடன் இணைத்துவிட்டால் அதே இணைப்பில் உள்ள மற்ற சென்சார்களும் ஒரே நேரத்தில் செயலிழக்கும்.

மாற்றிப் பார்க்கும் முறை, ஒரே பாக எண் கொண்ட இரண்டு சென்சார்கள் அதே இன்ஜினில் இருந்தால் பயனுள்ளது. அதன் பெருங்குறை, கழற்றி மாட்டும் செயலே கனெக்டர் பின்களின் மேலுள்ள களிம்பைத் தேய்த்து எடுத்துவிடுவது. பிழை மறைந்ததும் பழைய சென்சார்தான் கெட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ரெயில் அழுத்த சென்சாரில் இந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை. ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கும் அந்த இணைப்பைச் சந்தேகத்தின் பேரில் திறப்பது, ஆபத்தையும் தூசியையும் சேர்த்து அழைப்பதாகும்.

மல்டிமீட்டர் தரும் தீர்ப்பு இவை இரண்டையும்விட உறுதியானது, கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்புறமாக மெல்லிய முனையைச் செருகி அளந்தால். அழுத்த சென்சாரின் ஒரு வயரில் 5 வோல்ட் வர வேண்டும்; கிரவுண்ட் வயரில் ஏறத்தாழ எதுவும் இருக்கக்கூடாது; சிக்னல் வயர் பொதுவாக 0.5 முதல் 4.5 வோல்ட் வரை நகரும். ஆயில் அழுத்த சென்சாரில் இன்ஜின் ஓடாதபோது 0.5 வோல்ட்டை ஒட்டிய அளவு கிடைத்தால் அது இயல்பு. பல குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்திருந்தால், பொதுவான 5 வோல்ட் இணைப்பை ஏதோ ஒரு சென்சாரோ வயரோ கீழே இழுத்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் மீள்கிறதோ, குற்றம் அந்தச் சென்சாரில் இருக்கிறது. எதைக் கழற்றியும் மீளவில்லை என்றால் வயரிங்கில் இருக்கிறது. கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறும் இரட்டை வயரான கேன் இணைப்பு சந்தேகத்துக்கு உள்ளானால், பாட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு இரு வயர்களுக்கிடையே அளக்க வேண்டும்: 60 ஓம் சரியான அளவு, 120 ஓம் என்றால் இரண்டு முனைத்தடைகளில் ஒன்று தொடர்பில் இல்லை.

மல்டிமீட்டர் தோற்கும் இடம் வேக சென்சார்கள். பற்சக்கரத்தின் பற்கள் கடப்பதை உணரும் இவற்றில், கம்பிச்சுருள் வகையில் மின்தடை சரியாக இருந்தும், முனையில் ஒட்டிய இரும்புத் துகள்களால் சிக்னல் சிதையக்கூடும். உள்ளே மின்னணுச் சுற்று கொண்ட ஹால் வகையில் மின்தடையை அளப்பதற்கே பொருள் இல்லை. மீட்டர் காட்டுவது சராசரியைத்தான். ஒரு பல்லின் துடிப்பு விடுபடுவதை அலைவடிவத்தில் மட்டுமே காண முடியும். ஓடும்போது திடீரென நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகும் இன்ஜினுக்கு ஆசிலோஸ்கோப்பை நாடலாம். மற்ற பெரும்பாலான பிழைகளுக்கு அது அவசியமில்லை.

காலையில் குளிர்ந்த இன்ஜினில் சாவியை மட்டும் போட்டு நேரடி அளவுகளைப் பார்ப்பது, எந்தக் கருவியையும் இணைக்காமல் கிடைக்கும் நல்ல ஒப்பீடு. கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று, எரிபொருள் ஆகியவற்றின் வெப்பநிலைகள் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். குறியீடே வராத நிலையிலும், தனித்து நிற்கும் சென்சார் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் வயரின் மேலுறையைக் குத்தி அளக்கக்கூடாது. அந்தத் துளை வழியே நுழையும் நீர் செம்பை அரித்து, இல்லாத பிழையை உண்டாக்கும். பழுதை நீக்கிய பின் குறியீட்டை அழித்து, இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, கிளாம்ப்களின் அருகில் ஹார்னஸை (வயர்க் கட்டை) கையால் அசைத்தபடி நேரடி அளவைக் கவனியுங்கள். அது ஒருமுறை துள்ளினாலும், உரசிய இடம் உங்கள் கைக்கு அருகில்தான் இருக்கிறது.